மனக்கவனச் சிகிச்சை

மூச்சு, உடலுணர்வு, எண்ணம் ஆகியவை எழுந்து மறைவதை நல்லது கெட்டது என்று எடைபோடாமல் கவனிக்கப் பழக்கும் உளவியல் சிகிச்சை முறை. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியுள்ளது.

இதன் வேர் தேரவாத பௌத்தத்தின் விபாசனா தியானம். பெரிதும் துறவிகளிடமே இருந்துவந்த அப்பயிற்சியைப் பர்மாவில் இல்லறத்தாருக்கும் கற்பித்தவர்களில் லெடி சயடோ (1846–1923) முதன்மையானவர். மகாசி சயடோவும் ஊ பா கினும் அதைப் பரவலாக்கினர். கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபொனிக தேரரின் நூல்வழி மேற்குலகினர் பலர் இதை அறிந்தனர்.

மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுவந்தவர் மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-ஜின். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் இப்பயிற்சியைத் தொடங்கினார். மருந்துகளால் தீராத நாட்பட்ட வலியோடு பலர் வந்தனர். படுத்தபடி கால்விரல் தொடங்கித் தலைவரை உடலைக் கவனித்தல், அமர்ந்து தியானித்தல், எளிய யோகாசனம், நாள்தோறும் வீட்டுப் பயிற்சி. சமயச் சடங்கு எதுவுமில்லை. வலி போய்விடும் என்று அவர் வாக்களிக்கவில்லை. வலியை எதிர்கொள்ளும் விதம் மாறும் என்றே சொன்னார். இம்முறை நிலைபெற அந்த நேர்மையும் ஒரு காரணம்.

மனச்சோர்வு குணமானவர்களுக்கும் அது திரும்பத் திரும்ப வருவதே பெரிய துயரம். சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் ஆரன் பெக்கின் அறிதல் சிகிச்சையை இப்பயிற்சியோடு இணைத்தனர். 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணத்தோடு வாதாடுவதற்குப் பதில், அது வந்துபோகும் ஓர் எண்ணமே என்று காணப் பழக்கினர். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறைக்குக் குறையாமல் நோய் கண்டவர்களிடையே வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காடுதான். இருமுறை மட்டுமே நோய் கண்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. பலரும் சொல்லாமல் விடும் முடிவு இது. யாருக்கு உதவும் என்பதை வரையறுத்ததால் இதுவும் அதே அளவு முக்கியமானது. 2004இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

ஆனால் 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மனக்கவனப் பயிற்சியை எல்லா மாணவருக்கும் பள்ளியில் பொதுவாகக் கற்பித்தபோது வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. எல்லா மனநோய்க்கும் இதுவே மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

மனச்சோர்வு திரும்புவதைத் தடுப்பது பற்றி 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பயிற்சி பெற்று மாத்திரையைக் குறைத்தோரும் மாத்திரையைத் தொடர்ந்தோரும் இரண்டாண்டில் ஏறத்தாழ ஒரே அளவில் பாதுகாக்கப்பட்டனர். அதில் மாத்திரை குறைக்கப்பட்டது மருத்துவர்களின் மேற்பார்வையில். எனவே தியானம் பழகுவோர் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.