அரிக்கேன் விளக்கு முதல் கஜா வரை

வேதாரண்யத்து வரலாறு என்றால் 1930 உப்புச் சத்தியாகிரகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்ம அடுப்படிக்கும் ஒரு வரலாறு உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. புயலுக்கு முன்னால் வீட்டைத் தயார் பண்ணுவது இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் பொம்பளைங்க வேலையாகவே இருந்திருக்கிறது. கூட்டமைப்பு மலரில் அதைப் பதிந்து வைப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தில் அடித்த புயலைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம் குழுக்களில் இன்னமும் இருக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. 1977 நவம்பர் 12-இல் மறுபடியும் நாகை. மாதத்தைக் கவனியுங்கள். எல்லாமே ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில். அதனால் அந்தக் காலத்துப் பெண்கள் சித்திரை வெயிலிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வடகம், வத்தல், புளி, கருவாடு எல்லாம் காய்ந்து பானைக்குள் போகும். ஆடிக்குள் விறகும் வறட்டியும் பரணில் ஏறிவிடும். புரட்டாசியில் கூரை மாற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். நெல் குதிரிலோ பத்தாயத்திலோ இருக்கும், விதைநெல் தனியாக வைக்கோல் கோட்டையில். அவலும் பொரியும் எப்போதும் கைவசம். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அதுதான் சோறு.

அன்றைக்கு எச்சரிக்கை வந்த விதமே வேறு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 10 வந்தால் பெரிய ஆபத்து. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். சேதி வாய்வழியாக ஊருக்கு வரும், பிறகு தண்டோரா, அப்புறம் ரேடியோ. பெரியவர்கள் இன்னொன்றும் சொல்லி வளர்த்தார்கள்: "காத்து சட்டுனு நின்னா வெளிய போகாதே, திரும்பி அடிக்கும்." அது மூடநம்பிக்கை இல்லைங்க. புயலின் கண் நம் தலைக்கு மேலே கடக்கும்போது காற்று ஓய்கிறது. அதுவரை வடக்கிலிருந்து அடித்தது, கண் போனதும் தெற்கிலிருந்து அடிக்கும். நடுவில் கிடைத்த அமைதியை நம்பி ஆடு மாட்டைப் பார்க்கப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பிடியரிசியையும் இங்கே சொல்ல வேண்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. வீட்டு ஆண்களுக்கு அந்தப் பானை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது! 1989-இல் தருமபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோதும், 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியபோதும், வாரச் சேமிப்பு என்பது நமக்குப் புதுப்பாடமாக இல்லை. பானை போய்ப் பாஸ்புக் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு கரண்டு வந்தது. முதலில் குடிசைக்கு ஒரு விளக்கு, அப்புறம் மோட்டார், 2006-க்குப் பிறகு இலவச டிவி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், ஃபேன். அம்மிக்கும் உரலுக்கும் திரும்பிப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. அரைத்து அரைத்துத் தோள் தேய்ந்தவர்களுக்குத்தான் மிக்சியின் அருமை தெரியும். ஆனால் நம் கண்ணில் படாமல் ஒன்று நடந்துவிட்டது. வெளிச்சத்துக்கு மட்டும் கரண்டை நம்பியிருந்தவர்கள், தண்ணிக்கும் அதையே நம்ப ஆரம்பித்தோம். கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது. அங்கிருந்து நம் மேல்நிலைத் தொட்டி வரைக்கும் அதை மோட்டார்தான் தள்ள வேண்டும். குழாய் வந்ததும் மணலில் ஊற்று தோண்டுவதை விட்டோம். கைப்பம்பில் வாஷர் தேய்ந்தது, யாரும் மாற்றவில்லை.

2004 டிசம்பர் 26 சொன்னது வேறு பாடம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோனது. கூண்டும் இல்லை, தண்டோராவும் இல்லை. தெளிந்த வானம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. உயிர் தப்பியவர்கள் பலரிடம் ரேஷன் கார்டோ பாஸ்புக்கோ இல்லை. நான் இன்னார் என்று காட்டுவதற்கே அலைய வேண்டியிருந்தது. பரணில் பொருள் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கும் ஒரு பை வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் அருகே கரை ஏறியது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை போன கதையை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. இருட்டைச் சமாளித்துவிட்டோம், தண்ணிக்குத்தான் தவித்தோம். ஜெனரேட்டர் வண்டி வந்தால்தான் தொட்டி நிறையும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். கக்கூஸ் இருந்தும் ஊற்றத் தண்ணி இல்லாமல், இருட்டட்டும் என்று வயிற்றை அடக்கிக்கொண்டு கிடந்த பெண் பிள்ளைகளை மறக்க முடியுமா? மாதவிடாய்த் துணிக்கு என்ன வழி என்று வாய்விட்டுக் கேட்கக்கூட ஆளில்லை. சேமிப்புப் பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்று சொல்லும் குழு நோட்டுதான் சில வீடுகளில் நனைந்து கூழாகிப் போனது.

ஆகவே இப்போதைய வீட்டுக்குப் பழையது பாதி, புதியது பாதி வேண்டும். புயல் சேதி வந்ததுமே, கரண்டு இருக்கும்போதே, குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பி மூடி வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டர் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அரிக்கேன் விளக்குக்கு ரேஷன் மண்ணெண்ணெயை நம்ப முடியாது, சோலார் விளக்கு ஒன்று எடுத்து வைப்பது மேல். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், ஃபிரிட்ஜ் நின்றுபோனால் மருந்தைப் பிளாஸ்டிக் பையில் நன்றாகக் கட்டி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல், மாத்திரை, பிள்ளைத் துணி, நாப்கின் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், கதவு ஓரமாக இருக்கட்டும். குழு நோட்டும் தீர்மானப் புத்தகமும் ஊக்குநர் வீட்டில் அதே மாதிரி பைக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கைப்பம்பை மட்டும் தனி வீடு பார்த்துக்கொள்ள முடியாது, அது ஊர்ப் பொது. ஊராட்சிக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் ஒவ்வொரு புரட்டாசிக் கூட்டத்திலும் நம் தெரு பம்பைப் பத்துத் தடவை அடித்துப் பார்த்து, தண்ணி வந்ததா இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு சேமிப்பு வசூலுக்குப் போகலாம்.