துப்பாக்கிக்கு நீலமேற்றுதல்: ஒரு வரலாறு

துப்பாக்கியின் எஃகுப் பரப்பில் கருநீல நிறமுள்ள இரும்பு ஆக்சைடுப் படலத்தை உண்டாக்கி, அதைத் துருவிலிருந்து காக்கும் முறை நீலமேற்றுதல் எனப்படும். ஆங்கிலத்தில் இதற்குப் புளூயிங் என்று பெயர். தேய்ந்துபோன படலத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவது மறுநீலமேற்றுதல் ஆகும். இப்பணி பழைய துப்பாக்கிக்குப் புதுப்பொலிவு தரும். ஆனால் அத்துப்பாக்கியைப் பற்றிய வரலாற்றுச் சான்றுகள் பலவற்றை அதுவே அழித்துவிடவும் கூடும்.

துருவே துருவுக்குக் காப்பு

இரும்பு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும் என்பது பள்ளிப் பாடம். செந்துரு பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் துரு ஏறும். மாக்னடைட்டு எனப்படும் கரிய ஆக்சைடு அப்படிப்பட்டதன்று. அது உலோகத்தோடு ஒட்டி நிற்கும். எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீலமேற்றுதல் என்பது இந்தக் கரிய ஆக்சைடை வேண்டுமென்றே வளர்ப்பதாகும். இது வண்ணப்பூச்சு அன்று. பழக்கிய தோசைக்கல்லின் மேல் படிந்திருப்பது எண்ணெய்ப் படலம். இங்கோ இரும்பின் மேற்பரப்பே வேறு பொருளாக மாறுகிறது. படலம் மிக மெல்லியது என்பதால் எண்ணெய் தடவாமல் விட்டால் மீண்டும் துரு ஏறும்.

பழுப்பிலிருந்து நீலத்துக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் படைவீரர்களின் துப்பாக்கிக் குழல்கள் பெரும்பாலும் பளபளப்பாகவே தேய்த்து வைக்கப்பட்டன. அந்தப் பளபளப்பு வெயிலில் மின்னி, வீரர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அதைத் தேய்த்துப் பராமரிப்பதும் ஓயாத வேலை. அமிலக் கரைசல் தடவி, மெல்லிய துருவை வளர்த்து, தேய்த்துச் சீராக்கும் பழுப்பேற்றும் முறை இவ்விரு குறைகளையும் தீர்த்தது. 1800இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்ட பேக்கர் ரைபிளின் குழல் இவ்வாறு பழுப்பேற்றப்பட்டதே.

துருப்பிடித்த குழலைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கரிய ஆக்சைடாக மாறுகிறது. மேலே தளர்ந்து நிற்கும் கரியை மெல்லிய எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மீண்டும் கரைசல் தடவி, துருவேற விட்டு, கொதிக்க வைப்பார்கள். இவ்வாறு பலமுறை செய்தபின் ஆழ்ந்த கருநீலம் கிடைக்கும். இதுவே துரு நீலமேற்றும் முறை. ஒரு துப்பாக்கிக்குப் பல நாள்கள் பிடிக்கும்.

வெப்பத்தால் நிறமேற்றுவது மற்றொரு வழி. மெருகிட்ட எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பின் ஊதா, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் என நிறம் மாறிக்கொண்டே போகும். கொல்லர்கள் வெகுகாலமாக அறிந்த செய்தி இது. கரியுலையில் பாகங்களைச் சூடாக்கி நீலமேற்றும் முறை இதன் வளர்ச்சி.

உப்புக் குளியலின் வருகை

தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் செய்யத் தொடங்கியபோது நாள்கணக்கில் காத்திருப்பது இயலாததாயிற்று. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டு உப்பும் சேர்ந்த அடர்கரைசலை ஏறத்தாழ 135 முதல் 155 பாகை செல்சியசு வரை சூடாக்கி, அதில் பாகங்களை அமிழ்த்தும் முறை 1930களில் பரவியது. நாள்கணக்கான வேலை அரைமணி அளவுக்குச் சுருங்கியது.

செருமனியின் லூகர் கைத்துப்பாக்கி இம்மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. செருமானியப் படை இதை 1908இல் ஏற்றது. தொடக்கத்தில் இதன் பெரிய பாகங்கள் துரு முறையில் நீலமேற்றப்பட்டன. விசை முதலிய சில சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக விடப்பட்டன. 1937 அளவில் மவுசர் தொழிற்சாலை உப்புக் குளியலுக்கு மாறியது. சிறு பாகங்களும் நீலமாயின. ஆகவே லூகரின் நிறமே அது செய்யப்பட்ட காலத்துக்கு ஒரு சான்று. முந்தைய லூகர் ஒன்றை உப்புக் குளியலில் இட்டு அழகாக்கினால் அந்தச் சான்று போய்விடும்.

தொழில்முறைப் பணி

தொழில்முறை வல்லுநர் முதலில் துப்பாக்கியை முழுவதும் கழற்றுவார். எண்ணெய்ப் பசையையும் பழைய படலத்தையும் நீக்குவார். பின் மெருகிடுவார். திறமை தெரியும் இடம் இதுவே. நீலம் எந்தக் கீறலையும் மறைக்காது. கீழேயுள்ள மெருகு எப்படியோ மேலேயுள்ள நிறமும் அப்படியே. சுழல் சக்கரத்தில் அவசரமாகத் தேய்த்தால் கூரிய விளிம்புகள் மழுங்கும். திருகுத் துளைகளின் ஓரங்கள் குழியும். பொறித்த எழுத்துகள் மங்கும்.

எந்தத் துப்பாக்கிக்கு எந்த முறை என்பதும் முக்கியம். இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றில் குழல்களுக்கு இடையிலுள்ள பட்டை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டிருக்கும். சூடான காரக்கரைசல் பற்றாசை அரித்துவிடும். இத்தகையவற்றுக்குப் பழைய துரு முறையே பொருந்தும். உப்புக் குளியல் வீட்டில் செய்து பார்க்கும் வேலையும் அன்று. கொதிக்கும் காரத்தில் சிறிது தண்ணீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகிக் கரைசலை வெளியே தெறிக்கச் செய்யும்.

எது மிஞ்ச வேண்டும்?

பழைய துப்பாக்கியின் மேற்பரப்பு ஓர் ஆவணம் போன்றது. இலண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களில் மிகை மருந்திட்டுச் சுட்டுப் பார்த்துத் தேறிய குழல்களில் முத்திரை பொறிக்கப்பட்டது. அம்முத்திரைகளும் தொடர் எண்களும் படை அடையாளங்களும் துப்பாக்கி எங்கே பிறந்தது, யாரிடம் இருந்தது என்பதைச் சொல்கின்றன. கை பட்டுத் தேய்ந்த இடங்கள் அது எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்கின்றன. மெருகுச் சக்கரம் இவற்றுள் எதையும் வேறுபடுத்தி அறியாது. அருங்காட்சியகங்கள் பொதுவாகத் துருவைத் தடுத்து, எண்ணெயோ மெழுகோ இட்டுக் காப்பதோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். சேகரிப்பாளர்களும் தேய்ந்த மூல நீலத்தைப் புது நீலத்தினும் உயர்வாக மதிக்கிறார்கள்.

நாள்தோறும் பயன்படும் சாதாரணத் துப்பாக்கியின் நிலை வேறு. துரு அரிக்கத் தொடங்கிய அதற்கு மறுநீலமேற்றுவது ஆயுளை நீட்டிக்கும் நற்பணியே. வரலாற்று மதிப்புள்ளதாயின் முதலில் முத்திரைகளையும் எண்களையும் நிறங்களையும் படமெடுத்துப் பதிவு செய்யவேண்டும். அதன் பிறகே மெருகிடலாமா என்று முடிவு செய்யவேண்டும். தேய்ந்த நீலத்தை இன்னொரு நாள் ஏற்றிக்கொள்ளலாம். தேய்த்தெடுத்த எழுத்தை மீட்க முடியாது.