வலது கீழ் மூலை

சென்னையின் மேற்குப் புறநகரைப் பற்றி எழுதப்படும் தொழில் வரலாறுகள் பெரும்பாலும் ஆலைகளின் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன: 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்த ஆலைகளையும் பட்டறைகளையும் ஒன்றோடொன்று கட்டிவைத்த டிராயிங் தாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பல தங்களுக்கென்று பொருள் செய்தவை அல்ல. எண்ணூரிலோ ஆவடியிலோ இருக்கும் பெரிய ஆலைக்கு ஒரு புஷ், ஒரு பிராக்கெட், ஒரு ஷாஃப்ட் என்று ஜாப் ஒர்க் செய்து பிழைத்தவை. ஓரிடத்தில் கணக்கிட்டு வரைந்த படம் இன்னோர் இடத்தில் லேத் ஓட்டுபவரின் கைக்குப் பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்த விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் ஆவடியிலிருந்து வெளிவந்ததென்றால், கடல் கடந்து வந்த வரைபடங்களை இங்குள்ளவர்கள் படித்து இரும்பாக்கினார்கள் என்பதே அதன் பொருள்.

படத்தை நகலெடுப்பது அப்போதே பெரிய சிக்கலாக இல்லை. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீலப்படிவ முறையும், பிறகு வந்த அமோனியா பிரிண்டும் டிரேசிங் தாளிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் தந்தன. நகல் எளிதானதுதான் சிக்கலுக்கே காரணம். அலுவலகத்தில் அளவு மாறியிருக்கும், பட்டறைச் சுவரில் பழைய தாளே ஒட்டியிருக்கும். இதற்கு டிராஃப்ட்ஸ்மேன்கள் கண்ட விடை தாளின் வலது கீழ் மூலையில் உள்ள டைட்டில் பிளாக். டிராயிங் எண், உலோகம், அளவுகோல், தேதி, வரைந்தவர், சோதித்தவர், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்து ஆகியவை அந்தச் சின்னக் கட்டத்தில் இருக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 696 போன்ற விதிகள் இதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கின. ஒரு கேள்வி எழலாம்: பட்டறையில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? பல இடங்களில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பொருள் திரும்பி வந்தபோது தவறு யாருடையது, எந்தத் தாளில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க அந்த மூலை போதுமானதாக இருந்தது. பிழையைத் தடுக்காவிட்டாலும் அதன் ஊற்றைக் காட்டியதே, அது பெரிய காரியம்.

1982-இல் கணினியில் படம் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் வந்து, அடுத்து மின்னஞ்சலும் வந்தபின் தாள் கோப்பானது. லேசர் வெட்டும் கடைக்கு வேண்டியது வெறும் கோடுகள்தாம். எனவே அனுப்பும்போது டைட்டில் பிளாக்கைக் கழற்றிவிடுவது வழக்கமாகி, ரிவிஷன் எழுத்து கோப்பின் பெயருக்குக் குடிபெயர்ந்தது. ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’ என்று முடியும் கோப்புப் பெயர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடிபெயர்வின் தரம் தெரியும்.

இதே இழப்பு இன்று தரவுப் பகுப்பாய்வு என்ற இன்னொரு தொழிலில் நடக்கிறது. 2011-இல் ஐபைத்தான் நோட்புக்காக வந்து, 2014 முதல் ஜூபிட்டர் என்று அறியப்படும் கருவியில் நிரலும் விளக்கமும் வரைபடமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருக்கும். படம் தனிக் கோப்பாக அல்லாமல், எழுத்துகளாக மாற்றப்பட்டு ஏட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். இணையப் பக்கத்தில் போட வேண்டுமானால் அதைப் பிரித்தெடுத்து, பெயரிட்டு, தளத்தில் ஏற்றி, முகவரியை ஒட்ட வேண்டும். பத்துப் படம் இருந்தால் சலிப்பு தட்டும் வேலை. ஆகவே என்பிகன்வெர்ட் போன்ற கருவியையோ, சிறு ஸ்கிரிப்டையோ வைத்து இதைத் தானியக்கமாக்குகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. கையால் ஏற்றினால்தான் நேற்றைய படம் இன்றைய பெயரில் போகும். என் வாதம் வேறு: அந்த ஸ்கிரிப்ட் படத்தை மட்டும் சுமக்கிறது, டைட்டில் பிளாக்கைச் சுமப்பதில்லை. ஏட்டின் கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதால் ஆபத்து கூடுகிறது. பொதுவெளியில் கிடந்த நோட்புக்குகளை மீண்டும் ஓட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஏறத்தாழ 24 விழுக்காடே பிழையின்றி ஓடி முடிந்தன. பழைய முடிவையே திரும்பத் தந்தவை 4 விழுக்காடு.

உதிரிபாகம் தவறினால் பணம் போகும், வரைபடம் தவறினால் என்ன போய்விடும் என்று கேட்கலாம். பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்குச் சுமார் 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டபின், மழைக்காலம்தோறும் அந்த ஏரியின் நீர்மட்டம் நகரத்தின் கவலையாகிவிட்டது. குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் எண்களிலிருந்து ஆர்வலர் ஒருவர் நோட்புக்கில் வரைந்து தானாக ஏற்றும் கோட்டுப்படம், அடையாற்றங்கரையில் குடியிருப்பவர் வீட்டைப் பூட்டிக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தாளாக மாறக்கூடும். தேதியில்லாத படம் அடுத்த ஆண்டும் சுற்றும், அதற்கடுத்த ஆண்டும் சுற்றும்.

கிட் களஞ்சியத்தில் எல்லா மாற்றமும் பதிவாகிறதே என்பார்கள் நிரலர்கள். பதிவேடு எண்ணூரில் இருக்க, தாள் அம்பத்தூர் லேத்தில் இருந்த கதைதான் அது. வாட்ஸ்அப்பில் படம் பார்ப்பவரிடம் களஞ்சியம் இல்லை. படக் கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுத, நோட்புக்கில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நிரலகம் இடம் தருகிறது, உண்மை. ஆனால் படம் பகிரப்படும்போது செயலிகள் அதைச் சுருக்கி மறுபடி எழுதுவதால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். ஆகவே தரவின் நாள், ஓட்டிய நேரம், நிரலின் பதிப்பு ஆகிய மூன்றையும் படத்தின் மேலேயே, கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வரி நிரல் போதும். ஸ்கிரிப்டால் நிரப்ப முடியாத கட்டம் ஒன்று உண்டு: சோதித்தவர் பெயர். அதை நீக்கிவிடக் கூடாது. யாரும் பார்க்காமலே ஏறிய படமென்றால், ‘சோதிக்கப்படவில்லை’ என்று அந்த இடத்தில் எழுதியே ஏற்றலாம்.