பழஞ்சேலையும் ஆயாக் கொட்டகையும்

குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். சிறுதேர் உருட்டிக் களைத்த புதல்வன், செவிலியிடம் பாலருந்தித் துயிலும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுபறையும் சிறுதேரும் தனித்தனிப் பருவங்களாயின. ஆயினும், உறக்கத்திலும் குழந்தை விடாது பற்றும் தாயின் பழந்துணிக்கு அப்பருவங்களுள் இடமில்லை. காரணம் யாது? தாயோ செவிலியோ அருகிலிருந்தவரை, அத்துணியை ஒரு தனிப்பொருளாக எவரும் எண்ணவில்லை போலும்.

தாய் நாள்தோறும் பிரிந்து செல்லும் இடத்தில்தான் அதன் அருமை புலனாகும். ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்கள் அத்தகைய இடங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் தமிழர் பலர் பால்வெட்டுத் தொழிலில் ஈடுபட்டனர். இரப்பர் மரத்தில் காலைக் குளிர்ச்சியில் பால் மிகுதியாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆதலின் இருள் விலகுமுன்பே தொழிலாளர் பெரட்டுக்குக் கூடினர். ஆடவரோடு பெண்டிரும் மரம் வெட்டினர். கைக்குழந்தைகளை லயத்திலிருந்து ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் சென்று விட்டனர். அங்கே ஓர் ஆயா பல குழந்தைகளைக் காத்தார். பாலூட்டவும் ஏணையாட்டவும் அவரால் இயன்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் தாயாக இருத்தல் எவர்க்கும் இயலாது. ஏணை கட்டவும் போர்த்தவும் பயன்பட்ட பழஞ்சேலையில் தாயின் மணம் தங்கியிருந்தது. அம்மணமே குழந்தைக்குத் துணையாயிற்று.

இவ்வுண்மையை மேலைநாட்டு ஆய்வும் உறுதி செய்தது. ஆங்கிலக் குழந்தை மருத்துவர் வின்னிக்காட், 1951இல் படித்து 1953இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய துணியை 'இடைநிலைப் பொருள்' என்றார். தாய்க்கும் புறவுலகிற்கும் இடையே குழந்தை தானே அமைத்துக்கொள்ளும் பாலம் அது என்பது அவர் கருத்து. அதனைத் துவைத்தால் மணம் மாறித் தொடர்பு அறும் என்றும் அவர் கண்டார். அழுக்கேறிய தலையணையை விடாத குழந்தையைக் கண்ட மலாய் மக்கள், அதற்குப் 'பந்தால் பூசோக்', அதாவது 'நாற்றத் தலையணை' என்றே பெயரிட்டுள்ளனர்.

1958இல் அமெரிக்க உளநூலறிஞர் ஹார்லோ தம் ஆய்வை வெளியிட்டார். கம்பியால் செய்த 'தாய்' பாலூட்டியபோதும், குரங்குக் குட்டிகள் துணி போர்த்திய 'தாயை'யே பெரும்பொழுதும் தழுவியிருந்தன. பால் மட்டும் போதாது. பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பது தெளிவாயிற்று.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. ஆயாக் கொட்டகைகளும் அருகின. எனினும் பிரிவு நின்றபாடில்லை. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இன்றும் பலர். அவர்தம் பிள்ளை பாலர் பள்ளிக்கு ஒரு கந்தைத் துணியுடன் வருமாயின், ஆசிரியர் அதனைப் பிடுங்குதல் தகாது, எள்ளுதலும் தகாது. காலம் வரும்போது பிள்ளை தானே அதனைக் கைவிடும். அதுவரை அத்துணி, வேலைக்குச் சென்ற தாய் திரும்பி வருவாள் என்பதற்குப் பிள்ளை தன் கையில் வைத்திருக்கும் சான்றாகும்.