குஸ்தாவ் ஒப்பெர்ட்டின் ஆதிக்குடிகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போகும்போது தொழிற்சாலைச் சுவர்களுக்கு இணையாக என் கண்ணில் படுபவை அம்மன் கோயில்கள். கிராம தேவதைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், இந்திய வரலாற்றுக்கான சாட்சியமாக எடுத்துக்கொண்ட முதல் சிலரில் ஒருவர் குஸ்தாவ் ஒப்பெர்ட் என்ற ஜெர்மானியர். அவரை இங்கே அநேகமாக மறந்துவிட்டோம்.

1836இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். அண்ணன் ஜூலியஸ், மெசபொடேமியாவில் செமித்தியருக்கு முன் வாழ்ந்தவர்களைச் 'சுமேரியர்' என்று 1869இல் அழைத்தவர். இன்னொரு சகோதரர் எர்ன்ஸ்ட் வியாபாரி. 1868இல் கொரிய ஆட்சியாளருடைய தந்தையின் கல்லறையைத் தோண்டப் போய்த் தோற்றுத் திரும்பினார். (முன்னோரைத் தோண்டுவது குடும்பத் தொழில் போலும்.) குஸ்தாவின் 1864ஆம் ஆண்டு நூல், இடைக்கால ஐரோப்பா நம்பிய பிரெஸ்டர் ஜான் கதையைப் பற்றியது. கீழைநாட்டுக் கிறிஸ்தவ அரசன் என்ற அந்தக் கற்பனைக்கு அடியில் மத்திய ஆசியாவின் காரா கித்தாய் அரசன் இருப்பதாக அவர் கண்டார். கதையைத் தோண்டினால் ஆள் கிடைப்பான் என்ற இந்த நம்பிக்கை கடைசிவரை அவரை விடவில்லை.

1872இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சமஸ்கிருதப் பேராசிரியராக வந்தார். துறைமுகம் எழாத காலம். மசூலாப் படகுகள் அலை தாண்டி ஆட்களைக் கரை சேர்த்தன. இருபத்தோரு வருஷம் இருந்தார். தனியார் வீடுகளில் கிடந்த சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தார். பண்டை இந்தியரிடம் வெடிமருந்து இருந்தது என்ற அவருடைய வாதத்தை இன்று அப்படியே ஏற்பவர் குறைவு.

முக்கியமானது 1893இல் வந்த ஆதிக்குடிகள் பற்றிய ஆங்கில நூல். ஆரியருக்கு முந்திய மக்களின் பெயர்களை மலையைக் குறிக்கும் சொற்களிலிருந்து வருவிக்கிறார். மல்லர், பள்ளர், பறையர் எல்லாம் இதில் அடக்கம். 'பறை' என்ற கருவியிலிருந்து பெயர் வந்தது என்ற கால்டுவெல்லின் கருத்தை மறுக்கிறார். உமா என்பதே அம்மாவின் திரிபு என்கிறார். ஒலி கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், ஒப்பெர்ட்டுக்கு இனமும் ஒத்துப்போய்விடும். இதை ஆராய்ச்சி என்று ஏற்க எனக்கு மனமில்லை. ஆனால் கேள்வி சரியானது: இந்த மண்ணுக்கு முந்தியவர் யார்?

அதற்கு இன்னும் வலுவான சாட்சி ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கறுப்பர் நகரத்து அம்மனுக்கு ஆண்டுத் திருவிழாவில் ஊர் சார்பாகத் தாலி கட்டும்போது மணமகனாகப் பறையர் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள் என்று 1874இல் வால்ஹவுஸ் எழுதியிருக்கிறார். வருஷம் முழுக்க ஒதுக்கிவைத்த ஊர், ஒரு நாள் உரிமையை ஒப்புக்கொள்கிறது. எந்தச் சொற்பிறப்பும் இவ்வளவு சொல்லாது. ஒப்பெர்ட்டின் நூலிலோ சொற்கள் பேசுகிற அளவுக்கு மனிதர்கள் பேசுவதில்லை.

மனிதர்கள் அப்போது பேசத் தொடங்கியிருந்தார்கள். 1891இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையை அமைத்தார். அவருக்குப் 'பறையர்' என்பது பிறர் சுமத்திய இழிபெயர், மறுக்க வேண்டியது. இரட்டைமலை சீனிவாசனோ அதே பெயரையே துணிந்து தலைப்பாக்கி, 'பறையன்' பத்திரிகையைச் சென்னையில் தொடங்கினார். ஆண்டு 1893. பேராசிரியர் ஒரு சொல்லுக்கு வேர் தேடி முடித்த அதே வருஷத்தில், அதே நகரத்தில், அச்சொல்லால் அழைக்கப்பட்டவர்கள் அதை ஏற்பதா எறிவதா என்று தமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பெர்ட் 1894இல் ஐரோப்பா திரும்பினார். 1895 முதல் பெர்லினில் திராவிட மொழிகள் கற்பித்தார், 1908இல் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் அயோத்திதாசர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி, பூர்வ பௌத்தர் என்று தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுத ஆரம்பித்திருந்தார்.