படியூர்ப் பெரிலும் படிகமும்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம் அருகிலுள்ள படியூர், கடல்நீர் நிறப் பெரில் மணிக்குப் பெயர் பெற்ற ஊர். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பெரிலும் படிகமும் சேர்ந்தே கிடைத்துள்ளன. உரோமர் பெரிலை விரும்பி வாங்கினர். ஆனால் இந்தியர் படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் போன்ற போலிக் கற்களைச் செய்வதாக கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். எல்லா வணிகரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. எனினும் ஏமாறுவதற்கு இடம் உண்டு. இரண்டுமே அறுகோணப் பட்டகமாக விளைபவை.

பட்டை தீட்டாத கல்லைக் கண்ணாலேயே பிரிக்கலாம். பெரிலின் பக்கங்களில் கோடுகள் நெடுக்காக ஓடும். முனை பெரும்பாலும் தட்டை. படிகத்தில் கோடுகள் குறுக்காக இருக்கும், முனை கூர்மை. தீட்டிய பின் இந்த அடையாளங்கள் போய்விடும். நீரில் எடை பார்ப்பதும் அதிகம் உதவாது. அடர்த்தி சுமார் 2.7, 2.65 என நெருக்கமானது. ஒளிவிலகல் எண்ணே ஐயம் தீர்க்கும்: பெரிலுக்கு 1.57 முதல் 1.58 வரை, படிகத்துக்கு 1.54 முதல் 1.55 வரை. பிளினி காலத்தில் இதை அளக்கும் கருவி இல்லை. சாயமேற்றிய படிகமானால், நுண்விரிசல்களில் நிறம் தேங்கியிருப்பது உருப்பெருக்கியில் தெரியும்.