பொறுப்பு யாருடையது? - கடிதம் முதல் கைப்பேசி வரை

"இளம்பெண்கள் இணையத்தைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும்." கல்லூரியில் எந்த விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். படம் போடாதே, தெரியாதவரோடு பேசாதே, முகநூலில் ஊர் பெயர் எழுதாதே... எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் கிட்டத்தட்ட இதையே நம் பாட்டிக்கும், அவருடைய பாட்டிக்கும் சொல்லியிருக்கிறார்கள். அப்போது இணையம் கிடையாது! இது எங்கே ஆரம்பித்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணாமலையார் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு என்ன பெயர்? அம்மணி அம்மன் கோபுரம். 171 அடி உயரம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி, பாதியில் நின்றிருந்த கோபுரத்தை ஊர் ஊராய்ப் பணம் திரட்டிக் கட்டி முடித்தார் என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வரும் கதை. பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக் குளத்தில் குதித்தார், மூன்று நாள் கழித்து எழுந்து வந்தார், கூலியாகக் கொடுத்த விபூதி காசாக மாறியது என்றெல்லாம் அந்தக் கதையில் வரும். எனக்கு அதில் ஒரு சந்தேகம். ஒரு பெண் தனியாக வீடு வீடாகப் போய்ப் பேசி, நன்கொடை வாங்கி, கணக்குப் பார்த்து, ஆட்களை வைத்துக் கோபுரம் கட்டினாள் என்று சும்மா சொன்னால் ஊர் நம்பாது என்றுதான் இத்தனை அற்புதங்கள் சேர்ந்தனவோ? ஆண்கள் கட்டியதாகச் சொல்லப்படும் மற்றக் கோபுரங்களுக்கு இவ்வளவு அற்புதம் தேவைப்படவில்லை பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டில் பெண் கல்வி பற்றிப் பேச்சு எழுந்தபோது, பெண்ணுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அவள் யாருக்காவது கடிதம் எழுதிவிடுவாள் என்ற பயமும் கூடவே எழுந்தது. படிக்கத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, எழுதத் தெரியக்கூடாது! இன்றைய மொழியில் சொன்னால், "பார்க்கலாம், பதிவிடக்கூடாது."

அடுத்து வந்தது நாவல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்ம மாவட்டத்து ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளாக எழுதிக் குவித்தார். 'இரத்தினபுரி இரகசியம்' அதில் பிரபலமானது. இந்த நாவல்களைப் பெண்கள் படித்தால் கெட்டுப் போவார்கள், வீட்டு வேலை கெடும், மனம் அலையும் என்று அன்றைய பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' என்ற ஆய்வு நூல் அந்தக் காலத்துச் சூழலை அருமையாக விளக்குகிறது. படித்துப் பார்த்தால் அன்று நாவலைப் பற்றிச் சொன்னதற்கும் இன்று இன்ஸ்டாகிராமைப் பற்றிச் சொல்வதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் பெண்கள் படிப்பதோடு நின்றுவிடவில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதத் தெரியாத காலத்தில் தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். கடிதம் எழுதிவிடுவாள் என்று பயந்தவர்களுக்கு, எழுதத் தெரியாமலே புத்தகம் போட்ட இவரைப் பற்றி என்ன தோன்றியிருக்கும்! 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்த ஆரம்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், சங்கீதம், மேடைப்பேச்சு, விடுதலைப் போராட்டத்தில் சிறை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் தேவதாசி முறையைத் தோலுரித்து ஒரு நாவலே எழுதினார். 1947-ல் அந்த முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம் இவர் பெயரில் வந்ததுதான். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

இவர்கள் யாரும் அச்சு ஊடகத்தை விட்டு ஒதுங்கியிருந்து பாதுகாப்புத் தேடவில்லை, அதை எடுத்துத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். இந்த இடத்தைக் கவனித்துக்கொண்டு இணைய காலத்துக்கு வருவோம்.

2012 அக்டோபரில் பாடகி சின்மயி, டுவிட்டரில் தன்னை ஆபாசமாகப் பேசுகிறார்கள் என்று சென்னைக் காவல்துறையில் புகார் கொடுத்தார். ஓர் உதவிப் பேராசிரியர் உட்பட இருவர் கைதானார்கள். இதற்கு முன்னால் இட ஒதுக்கீடு, தமிழக மீனவர் பிரச்சினை பற்றி அவர் சொன்னதாக ஒரு பெரிய சண்டை இணையத்தில் நடந்திருந்தது. அந்தக் கருத்துச் சண்டையில் அவரை எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் கருத்தை எதிர்ப்பது வேறு, பெண் என்பதால் உடம்பைப் பற்றிப் பேசுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் அன்றைய விவாதத்தின் பெரிய பலவீனம் என்பது என் தாழ்மையான கருத்து.

போலீசார் போட்ட பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. அடுத்த மாதமே அதே பிரிவு மகாராஷ்டிராவில் வேறு விதமாகத் திரும்பியது. பால் தாக்கரே இறந்ததற்காக ஏன் ஊரையே அடைக்க வேண்டும் என்று பால்கரில் 21 வயதுப் பெண் ஒருவர் முகநூலில் கேட்டார். அவரோடு, அதற்கு 'லைக்' போட்ட தோழியும் கைது! ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பயன்பட்ட பிரிவு, ஒரே மாதத்தில் இரண்டு பெண்களை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவரும் ஓர் இளம்பெண்தான், ஸ்ரேயா சிங்கால். சட்டம் படிக்கும் வயது. 2015 மார்ச் 24 அன்று 66ஏ அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது என்றெல்லாம் எழுதப்பட்ட சட்டம் யாரை வேண்டுமானாலும் பிடிக்கும் என்பது முக்கியமான காரணம்.

அப்படியானால் லைக், ஷேர், ஃபார்வர்டு எதற்கும் பொறுப்பே கிடையாதா? இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது.

2018 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் நடிகரும் பா.ஜ.க.வைச் சேர்ந்தவருமான எஸ்.வி. சேகர், பத்திரிகைத் துறைப் பெண்கள் அனைவரையும் கேவலப்படுத்தும் ஒரு பதிவைத் தன் முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். நான் எழுதியதில்லை, இன்னொருவர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் வாதம். அந்த நேரத்தில் கண்ணில் மருந்து போட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்றுகூட உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு சொன்னது. (படிக்க முடியாத கண்ணுக்கு 'ஷேர்' பொத்தான் மட்டும் எப்படித் தெரிந்தது?) 2018 மே மாதம் முன்ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்றது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பால்கர் தோழியின் 'லைக்'கையும் இந்த 'ஷேர்'ரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் யாருக்கும் காயமில்லை, ஒரு கட்சிக்குக் கோபம் மட்டும். இரண்டாவதில் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் மானமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பொறுப்பை அளக்க வேண்டியது அங்கேதான்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். பழகி ஏமாற்றி, வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் வெளியே தெரிந்தது. மார்ச்சில் தமிழகம் முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பெண் கதறும் குரல் வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறிப் போனது. அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் இல்லை, கோபத்தில் அனுப்பினார்கள், "பாருங்கள் கொடுமையை" என்று அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் அனுமதியை யார் கேட்டார்கள்? மிரட்டியவர்கள் எதைச் செய்வோம் என்று பயமுறுத்தினார்களோ, அதன் ஒரு துண்டை நல்லவர்களே இலவசமாகச் செய்து கொடுத்தார்கள்.

அரசுத் தரப்பும் சளைக்கவில்லை. புகார் கொடுத்தவரின் அடையாளம் காவல்துறை அதிகாரியின் பேட்டியிலும், பிறகு சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் வெளியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அது அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. அந்த மாதங்களில் "பெண்கள் பேஸ்புக்கில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்று பேசியவர்கள் எத்தனை பேர்! அரசாணை எழுதியவர் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று பேசியவர்கள் சிலர்தான்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆறு வருடம் இழுத்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. பெண்களை மிரட்டச் சேர்த்து வைத்த கருவிகளிலிருந்து மீட்ட மின்னணுப் பதிவுகளே சாட்சியங்களாக நின்றன. எட்டுப் பெண்களின் பெயர் இன்றும் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கடைசியாக, கூட்டங்களில் அதிகம் சொல்லப்படாத சில தகவல்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ, 67ஏ பிரிவுகளில் படம் எடுத்தவர் மட்டுமல்ல, அனுப்பியவரும் குற்றவாளி. 2021-ல் வந்த விதிகள், சம்பந்தப்பட்டவர் புகார் செய்தால் அந்தரங்கப் படத்தையும், மார்பிங் செய்த படத்தையும் 24 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்றன. சைபர் குற்ற உதவி எண் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார்களைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற சர்வதேசத் தளம் 2021 முதல் இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனியாக ஒன்று. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அந்தப் படத்திலிருந்து ஒரு எண் கைரேகையை மட்டும் அது உருவாக்கிப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும், அதே படம் எங்கே ஏறினாலும் தடுக்கப் பார்ப்பார்கள். படம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும்.